படகில் ஏறிய மாமா

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், நான் அனுப்பிய கதையைப் படித்துவிட்டாயா அம்மா, எப்படி இருக்கிறது என்று. நல்லா இருக்குப்பா என்றேன். அப்பாவின் கால்வலியைப் பற்றி ஏதோ விசாரித்துவிட்டு வைத்துவிட்டாய். நான் சொன்னதை நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். நம்பாமல் இருந்ததும் சரிதான். வாயில் ஒன்று, மனசில் ஒன்றாகப் போனில் பேச எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. அடுத்தவர்கள் அப்படிப் பேசும்போது குரல் எப்படி மாறும் என்று வாழ்க்கை முழுக்கக் கேட்டவள் நான்; என் குரல் மாறுவதும் என் காதுக்கே கேட்டுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்குள் இதை நீ படித்துவிட வேண்டும்.

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள். பால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் யாரையும் ஒரு தடவை உரசிப் பார்க்காமல் நான் விட்டதில்லை. அது பிறவிக் குணம் இல்லை, வேலை கொடுத்த குணம். விழுப்புரம் தனி மாவட்டமான அந்தத் தொண்ணூற்று மூன்றில்தான் எனக்குத் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வந்தது. காலையில் பாசஞ்சரில் போய், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவேன். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால், ஊரில் யார் யாரோ வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் கால்களின் நுனி என் காதில் விழும். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் லைன் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு நிமிஷம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில், "இல்ல" என்று சொல்வதற்கு முன்னால் ஒருவர் இழுக்கிற மூச்சிலேயே அது பொய்யா நிஜமா என்று தெரிந்துவிடும். உண்மை சொல்கிறவர்கள் அப்படி மூச்சு வாங்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னை வீட்டில் விட ஆள் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் ஷிப்ட். அதனால் உன்னையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போவேன். சூப்பர்வைசர் அம்மா நல்லவர், ஒன்றும் சொல்ல மாட்டார். நீ என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பேசுவதை மட்டும் கேட்பாய். எதிர்ப்பக்கம் யார், என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. அதனால் நீயே சேர்த்துக்கொள்வாய். வீட்டுக்குத் திரும்பும்போது மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள் அத்தனை பேருக்கும் நீ ஒரு கதை வைத்திருப்பாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை அளந்து விடுகிறானே, நாளைக்கு இது எங்கே போய் நிற்கும் என்றுதான் தோன்றியது.

எங்கே போய் நின்றது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பின் வீட்டு லூர்து அக்காவின் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்து, அக்கா அழுதுகொண்டே இருந்த நாட்கள். ஒருநாள் மத்தியானம் லூர்து அக்கா திண்டிவனத்துக்கே பஸ் ஏறி வந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அப்புறம் கேட்டார். "செத்தவங்களுக்கும் உங்க போர்டுல லைன் இருக்குன்னு அருளு சொன்னான். எனக்குத் தெரியும், சின்னப் புள்ள பேச்சுதான். ஆனாலும் வந்துட்டேன். ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாக்க முடியுமா?" அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, என் டியூட்டி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே வைத்திருந்து, கூடவே கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் முதுகில் வைத்தேன் நாலு. நீ அழுதுகொண்டே, "அவங்க அழுதாங்க, அதான் சொன்னேன்" என்றாய். அன்றிலிருந்து எனக்குக் கதையின் மேலேயே ஒரு பயம். நீ சும்மா சொல்வாய். யாரோ ஒருவர் நல்ல புடவை கட்டிக்கொண்டு அதை நம்பிக் கிளம்பி வந்துவிடுவார்.

நீ வளர்ந்து, எம்.ஏ. முடித்து, டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டே 'கல்மரக் காடு' எழுதினாய். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றனவே, அவை ஒரு பெண்ணின் காலடிச் சத்தத்தில் விழித்துக்கொண்டு மறுபடியும் காடாக நிற்கிற கதை. வீட்டில் யாரும் அவளை மதிப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் அவள் வாசல் கதவைத் தாண்டிப் போய்விடுகிறாள். அந்தக் காடு அவளை ராணியாக்குகிறது. பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள் அதை வாங்கி வாங்கிப் படித்தார்கள். எனக்கு அப்போதும் நிம்மதி இல்லை. உன் பதிப்பாளர் கடைசிப் பக்கத்தில் உன் செல் நம்பரை அச்சடித்திருந்தார். எதற்கு நம்பர், கண்டவர்களும் பண்ணுவார்களே என்றேன். எல்லாரும் போடறதுதாம்மா என்று சிரித்தாய். ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டு, உன் கையாலேயே பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைப் பரிசு கொடுக்க வைத்தார்கள். நீ அன்று எவ்வளவு சந்தோஷமாக வந்தாய் என்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

சில மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், அந்தப் பள்ளிக்கூடத்து ஊரிலிருந்து ஒரு ஆள் இன்னும் மூன்று பேரோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். டிராக்டர் ஓட்டுகிறவர். கௌசல்யா என்று ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள், நேற்றிலிருந்து காணவில்லை, புத்தகப் பையில் உன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு போய்விட்டாள், அவள் அம்மாவின் போனில் உன் நம்பருக்கு இரண்டு தடவை கால் போயிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார், "எம் பொண்ணு எங்கங்க?" நீ வெறும் பனியனோடு நின்றிருந்தாய். அப்பா மட்டும் அவர்களை உட்காரச் சொல்லி, என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த ஆளின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மகளைக் காணாத தகப்பன் முன்னுக்குப் பின் உளறுவான், நடுவில் அழுவான். இவர் மனப்பாடம் பண்ணியது மாதிரி வரிசையாகச் சொன்னார். புத்தகம் படிச்சி புத்தி கெட்டுப் போச்சு என்பதை மட்டும் அழுத்தி அழுத்திச் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் உன்னைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் உன் புத்தகத்தை ஒரு பிரதி வரவழைத்துப் பாதி வரைக்கும் படித்துவிட்டு, இந்தக் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். நீ திருவக்கரை என்று சொன்னதும் ஒரு ஜீப்பை அங்கே அனுப்பினார்கள். கல்மரங்களுக்கு நடுவே டார்ச் அடித்துத் தேடிவிட்டு வந்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. கதை எழுதுகிறவன் பெண் பிள்ளைகளை மயக்கிக் கூப்பிடுகிறான் என்று நம் தெருவிலேயே பேசினார்கள். மாதா கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் அந்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நீ ஸ்டேஷனிலிருந்து வந்ததும் நான் உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் போனில் என்ன கேட்டாள் என்றேன். கதையைப் பற்றித்தான் என்றாய். அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தாய். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்கு ஒரு பிள்ளை வந்தால்தான் தெரியும். ஆனால் பார்த்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. நான் உன்னை நம்ப வேண்டும். பார்த்துவிட்டுத்தான் நம்ப முடியும். ஒழுங்காகச் சொல் என்றேன். நீ அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"முதல் வாட்டி பண்ணப்ப, கதையில அவ வீட்ட வுட்டுப் போன அன்னிக்கி எங்க படுத்தான்னு கேட்டுச்சும்மா. புக்குல அது இல்லையே சார்னு சொல்லுச்சி. நான் அத யோசிக்கலயேம்மான்னு சொல்லிச் சிரிச்சிட்டேன். ரெண்டாவது வாட்டி, தேடிக்கினு வந்தா கண்டுபுடிச்சிடுவாங்களான்னு கேட்டுச்சி. கண்டுபுடிக்க முடியாதுன்னு சொன்னேன். கதையத்தாம்மா கேக்குதுன்னு நெனச்சேன்."

அப்புறம் நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். போலீசிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருந்தது என்றாய். நான் உன்னை நம்பினேன். உன் குரலில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நொடியிலேயே என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்கே படுத்தாள் என்று கேட்கிற பெண் மந்திரக் காட்டைத் தேடிப் போகிறவள் இல்லை. அவள் எதற்கோ பயந்து, வழி பார்த்து, யோசித்துக் கிளம்பியிருக்கிறாள். எதற்குப் பயந்தாள் என்பதை அந்தத் தகப்பன் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

மறுநாள் காலை உன்னிடமும் அப்பாவிடமும் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் இறங்காமல் ஒலக்கூர் வரைக்கும் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்கு. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகளைக் காணாத வீட்டில் எதற்கு மல்லாட்டை உரிக்கிறாள் என்று முதலில் அவள் மேலும் சந்தேகம்தான் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், உரித்த வேர்க்கடலைப் பருப்பையும் தோலையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் வேலை செய்தது. நான் யார் என்று சொன்னேன். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நானும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளோடு உரித்தேன். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டேன். போகும்போது உன் மகள் என்ன துணி எடுத்துக்கொண்டு போனாள் என்று.

அவள் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "யூனிபாரம். ரெண்டு செட்டும் எடுத்துக்கினு பூட்ச்சிங்க. நல்ல துணி எதையும் தொடல. அவருக்குத் தெரியாது, நான் சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அவளுடைய சொந்தத் தம்பிக்கே அந்தப் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் தாலி. தம்பி நல்லவன்தான், ஆனால் முப்பது வயசு. "தம்பிய வேணான்னு நான் எப்படிங்க சொல்றது? அதுவா போனதே நல்லதுன்னு ஒரு மனசு சொல்லுது. எங்க கெடக்குதோன்னு ஒரு மனசு சொல்லுது" என்றாள். கல்யாண விஷயம் போலீசுக்குத் தெரிந்தால் வம்பு என்றுதான் அவள் புருஷன் எல்லாவற்றையும் உன் புத்தகத்தின் மேல் போட்டிருக்கிறார்.

யூனிபாரம் எடுத்துக்கொண்டு போகிற பெண் படிக்கத்தான் போகிறாள். அந்தப் பக்கத்து ஊர்களில், யாரும் இல்லாத பெண் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைக்கிற இடம் என்றால் திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு ஹாஸ்டல் எல்லோருக்கும் தெரியும். நேராக அங்கே போனேன். பொறுப்பில் இருந்த சிஸ்டர் என்னை உட்கார வைத்து, வெயிலைப் பற்றியும் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றியும் நிறையப் பேசினார். நான் வந்த விஷயத்தை மட்டும் அவர் கேட்கவே இல்லை. அப்போதே புரிந்துவிட்டது. சிஸ்டர், நான் பெண்ணுக்குச் சொந்தம் இல்லை, அந்தக் கதை எழுதியவனின் அம்மா என்றேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னைவிடச் சந்தேகக்காரி ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். என்னுடைய அலுவலக அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள்; தன் பேரைத் தவிர வேறு எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஊரைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சிஸ்டர் முறைப்படி குழந்தைகள் நல அதிகாரிகளுக்கு அன்று காலையே தகவல் சொல்லியிருந்தார். நான் ஊரையும் கல்யாணத்தையும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கல்யாணம் நின்றது. பெண் அதே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கட்டும் என்று முடிவானது. அவள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய் நின்றார். உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் கேட்டேன். அவர் கேட்கவில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முன்னால் கௌசல்யாவோடு கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன். ஒல்லியான பெண், நேராகப் பார்த்துப் பேசினாள். உன் புத்தகம் அவள் மடியில் இருந்தது. இதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தாய், அந்தக் காட்டுக்குப் போகலாம் என்றா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லங்க. அது கதைங்க. வந்த அன்னிக்கி ஹாஸ்டல் எங்க இருக்குன்னு தெரியல. பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்க பக்கமா உக்காந்துக்கினு இதப் படிச்சிக்கினே இருந்தேன். சும்மா உக்காந்திருந்தா யாரு நீ, எங்க போறன்னு கேப்பாங்க. படிச்சிக்கினு இருக்கற புள்ளைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டீச்சர் பொண்ணு போலன்னு வுட்ருவாங்க. விடிஞ்சதும் பூ விக்கிற அம்மாதான் வழி சொன்னாங்க."

பிறகு, சார் என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இதையெல்லாம் அன்று ராத்திரியே உன்னிடம் சொன்னேன். நீ பாதியைத்தான் கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும்தான் உன் காதில் விழுந்தது. ஏதாவது ஆகியிருந்தால் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் நீ எழுதவில்லை. பள்ளிக்கூடங்கள் உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தின. பெண் கிடைத்த செய்தி, பெண் தொலைந்த செய்தி போன வேகத்தில் போகவில்லை. பதிப்பாளர் மிச்சப் புத்தகங்களைக் கட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நீ அதைப் பிரிக்கக்கூட இல்லை. டியூஷன், வீடு, டியூஷன், வீடு என்று வருஷங்கள் போயின. எழுது என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம் நீயாகவே ஆரம்பித்தாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் ரிடையர் ஆன புதிதில், வெங்காயம் உரித்துக்கொண்டே 'வெள்ளைக் கடல்' கதையை எனக்குச் சொன்னாயே, அந்த மாதிரி உன் முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. மரக்காணத்து உப்பளம் மாதிரி ஒரு ஊர். உப்புக்குக் கீழே இன்னொரு கடல் இருக்கிறது. நீலா என்கிற பெண்ணுக்கு மட்டும் அதன் சத்தம் கேட்கிறது. உப்பாலேயே ஒரு படகு செய்கிறாள். ஒரு ஆள் ஏறினாலே தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்துவிடுகிற படகு. அதில் தனியாக ஏறிப் போகிறாள். வேறு ஒரு கரையில் இறங்குகிறாள். அங்கே என்ன ஆனது என்று நான் கேட்டதற்கு, அது அடுத்த புக்கும்மா என்றாய். சென்னையில் வேலை கிடைத்து நீ போனதும், அங்கே அதை எழுதி முடிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நீ டைப் அடித்து அனுப்பியிருக்கிற கதையில் ஒரு மாமா வந்திருக்கிறார். நீலாவுக்குத் தூரத்து உறவு. முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறார். அவள் கதவைத் திறந்தால் பின்னால் நிற்கிறார். உப்பளத்துக்குப் போனால் கூடவே வருகிறார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த மாமாவைப் பிடிக்கவில்லை. எதற்கு இந்த ஆள் இவ்வளவு அக்கறை காட்டுகிறார், கடைசியில் இவர்தான் வில்லனாக இருப்பார் என்று பக்கத்துக்குப் பக்கம் காத்திருந்தேன். கடைசி வரைக்கும் அவர் நல்லவராகவே இருந்துவிட்டார். படகிலும் ஏறிவிட்டார். ஒரு ஆளைத்தான் தாங்கும் என்று நீயே எழுதிய படகில் இரண்டு பேர் போகிறார்கள், அது முழுகவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் இருவரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். நீலா வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். படித்து முடித்ததும் பதிப்பகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய விவகாரம் காதில் விழுந்து அவர்கள்தான் பயந்து இப்படி மாற்றச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

உன்னிடம் கேட்டால் மழுப்புவாய். அதனால் நீ அனுப்பிய கவரில் இருந்த பதிப்பகத்தின் நம்பருக்கு நானே போன் பண்ணினேன். கோபப்படாதே. எடுத்தது உன் எடிட்டர் பெண். நான் யாரென்று சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம். ஏன் அந்த மாமாவைச் சேர்க்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் மூச்சு வாங்கவே இல்லை. "நாங்க கேக்கலம்மா. முதல்ல அனுப்பினதுல அவர் கிடையாது. சார்தான் ரெண்டாவது தடவ சேர்த்து அனுப்பினார். எங்களுக்கு முதல்ல இருந்ததுதான் ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆனா அவர் புத்தகம், நாங்க கட்டாயப்படுத்த முடியாதே" என்றாள்.

அன்று மத்தியானம் உன் அப்பா அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் சந்தேகப்படாத மனுஷன், அதனால் மெதுவாகப் படிப்பார். திடீரென்று தனியாகச் சிரித்தார். என்ன என்றேன். "இந்த மாமா பேசறதெல்லாம் யாரு பேசறதுன்னு பாத்தியா?" என்று கேட்டு, வாசித்துக் காட்டினார். சாப்பிட்டாயா. யாரோடு போகிறாய். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள். எப்போது திரும்புவாய். போய்ச் சேர்ந்ததும் ஒரு தகவல் சொல்லு. எல்லாம் நான் உன்னைக் கேட்கிற கேள்விகள். ஒரு வார்த்தை மாறவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மீசை மட்டுந்தாம்மா வேற" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அப்புறம் வெகுநேரம் வேலை ஓடவில்லை.

நான் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் என்னை அந்தக் கதைக்குள் விட்டிருக்கிறாய். நீ வேண்டும் என்று செய்தாயோ, தெரியாமல் செய்தாயோ, எனக்குத் தெரியாது. ஒருவகையில் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அருள், பயத்தில் எழுதியது படிக்கும்போது தெரிந்துவிடுகிறது. உன் நீலா ஒவ்வொரு வாசலிலும் யார் முகத்தையோ பார்த்து அனுமதி வாங்குகிறாள். உனக்குப் பக்கத்தில் அந்த சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். இதைப் படிக்கிற பதினாலு வயசுப் பெண் மூன்றாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவர்கள் என்னைவிடச் சந்தேகக்காரர்கள்.

கௌசல்யா உன்னைக் கேட்டது உன் கதைப் பெண் ஏன் வெளியே போனாள் என்று இல்லை. எங்கே படுத்தாள் என்று. நீ அதற்குப் பதில் எழுதாமல், இனிமேல் யாருமே வெளியே போக வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டாய். சாத்தாதே. நீலா தனியாகப் போகட்டும். ஆனால் அந்தக் கரையில் இறங்கின பிறகு அவளுக்கு எங்கே பசித்தது, யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், யாரிடம் வழி கேட்டாள், யாரை நம்பக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதையெல்லாம் எழுது. அடுத்த புத்தகத்துக்கு ஒத்தி வைக்காதே. பயம் வருகிற இடத்தில் பயத்தையும் எழுது. எனக்கு மந்திரமெல்லாம் தெரியாது. வெளியூரில் ஒரு பெண் எப்படி நிற்க வேண்டும் என்பது தெரியும். வேண்டுமானால் போன் பண்ணு, சொல்கிறேன்.

மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்று நீ கேட்பாய். ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதே. மறுபடியும் நம் வாசலில் யாராவது வந்து நின்றால் நான் கதவைத் திறந்து, உட்கார வைத்து, அவர்கள் குரலைக் கேட்கிறேன். உன்னையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புவேன். அதை மாற்றிக்கொள்ள எனக்கு இனிமேல் வயசில்லை. நீ உன் வேலையைப் பார்.

அந்த மாமாவை மட்டும் போகிற வழியில் ஏதாவது ஒரு கரையில் இறக்கிவிடு. நல்ல மனிதர், நடுத்தண்ணீரில் தள்ளிவிடாதே; கையைப் பிடித்து மரியாதையாக இறக்கு. அவர் கரையில் நின்றுகொண்டு சாப்பிட்டாயா, யாரோடு போகிறாய் என்று கத்திக்கொண்டுதான் இருப்பார். கத்தட்டும். நீ துடுப்பைப் போடு.

அம்மா